மதர்போர்டு தயாரிப்பாளர்களுக்கு: எச்டிஎம்ஐ போர்ட்டின் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்

மதர்போர்டு தயாரிக்கும் நிறுவனங்களில் வடிவமைப்பையும் பேக்கிங்கையும் முடிவு செய்பவர்களுக்கு,

வணக்கம்.

ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் இதற்கு 'நோ டிஸ்ப்ளே' என்று பெயர். பெயர் ஒன்றுதான், காரணங்கள் பல. திரைக்குப் படத்தை உருவாக்கித் தரும் தனி கிராஃபிக்ஸ் கார்டு போடாமல், பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸையே நம்பியிருக்கும் கணினிகளில் இந்தக் கோளாறு வரும்போது, அதைக் கண்டுபிடிப்பதை நீங்களே தேவையில்லாமல் கடினமாக்கி வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். காலேஜ் போகும் பிள்ளைக்கு, பில் போடும் கடைக்கு, டிடிபி சென்டருக்கு என்று பட்ஜெட் பார்த்து வாங்குபவர்கள் அசெம்பிள் செய்வது பெரும்பாலும் இந்த மாதிரி கணினிகளைத்தான்.

முதலில், மானிட்டர் கேபிளைச் செருகும் அந்த எச்டிஎம்ஐ போர்ட். ஜி31, ஜி41 போர்டுகள் ஓடிய காலத்தில் கிராஃபிக்ஸ் மதர்போர்டில் பதித்த துணைச் சில்லான சிப்செட்டிலேயே இருந்தது. பின்பக்கம் போர்ட் இருந்தால், எந்த பிராசசரைப் போட்டாலும் அதில் படம் வரும். 2010இல் இன்டெல் அதை பிராசசர் பக்கம் நகர்த்தியது, 2011இல் ஒரே சில்லுக்குள் கொண்டுவந்தது. அன்றிலிருந்து உங்கள் போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ, விஜிஏ போர்ட்டுகள் பிராசசர் தருவதை வெளியே அனுப்பும் வழி மட்டுமே. பிராசசரில் கிராஃபிக்ஸ் இல்லையென்றால், தண்ணீர் இணைப்பே இல்லாத வீட்டில் குழாய் பொருத்திய கதைதான். இந்த மாற்றம் உங்களுக்குப் பழைய செய்தி. வாங்குகிறவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. போர்ட்டைப் பார்க்கிறார், படம் வரும் என்று நம்புகிறார். அப்படி நம்புவதில் அவர் மேல் ஒரு தவறும் இல்லை.

இன்டெல் 2019இல் 'எஃப்' என்று முடியும் பிராசசர்களைக் கொண்டுவந்தது. ஐ5-12400இல் கிராஃபிக்ஸ் உண்டு, ஐ5-12400எஃப்-இல் கிடையாது. பின்னது விலை குறைவு என்பதால் கொட்டேஷனில் அதுதான் முன்னால் வந்து நிற்கும். இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியில் குழப்பம் இன்னும் அதிகம். பிராசசர் பொருத்தும் ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5 5600ஜி-யில் படம் வரும், 5600-இல் வராது. 5500 இருக்கிறதே, அது 5600ஜி-யின் அதே சில்லு, ஆனால் கிராஃபிக்ஸ் பகுதியை முடக்கி விற்கிறார்கள். 2022இல் வந்த ரைசன் 7000 வரிசையில் எல்லாவற்றிலும் சிறிய கிராஃபிக்ஸ் வைத்தார்கள், சரி, இனி தொல்லை இல்லை என்று பார்த்தால், பின்னாலேயே 7500எஃப் வந்தது, 8400எஃப் வந்தது. இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டா ஒருவர் கம்ப்யூட்டர் வாங்கக் கடைக்குப் போக வேண்டும்?

'பிராசசரைப் பொறுத்தது' என்ற குறிப்பை நீங்கள் எழுதித்தான் வைத்திருக்கிறீர்கள், மேனுவலின் விவரப் பட்டியலில், பொடி எழுத்தில். அது இருக்க வேண்டிய இடம் போர்ட்டின் பக்கத்தில், பின்பக்கத் தகட்டின் மேல். 'கிராஃபிக்ஸ் உள்ள பிராசசர் இருந்தால் மட்டுமே இயங்கும்' என்று ஒரு வரி போதும். அல்லது அந்த போர்ட்டை ஒரு சிறிய பிளாஸ்டிக் மூடியால் அடைத்து, மூடியின் மேல் எழுதி அனுப்புங்கள். தனி கார்டு உள்ள பிராண்டட் டெஸ்க்டாப்களில் போர்டின் வீடியோ போர்ட்டை மூடி வைத்து அனுப்பும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. கார்டு போட்ட பிறகும் கேபிளை போர்டிலேயே செருகிவிட்டுத் தவிப்பவர்களுக்கும் அது உதவும். கார்டு இருப்பதைக் கண்டதும் உள் கிராஃபிக்ஸை அணைத்துவிடுவதுதான் பல போர்டுகளில் பயாஸின் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருளின்) இயல்பான ஏற்பாடு.

அடுத்தது விளக்குகள். சிபியு (பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸ் போன்றவை ஏறும் கட்டம்) என்று நான்கு சிறிய எல்இடி-கள். கணினி எந்தக் கட்டத்தில் நின்றுபோனது என்பதை அவை உடனே காட்டிவிடும். விலை உயர்ந்த போர்டுகளில் தவறாமல் வைக்கிறீர்கள், மலிவான போர்டுகள் பலவற்றில் எடுத்துவிடுகிறீர்கள். பீப் சத்தத்துக்கான ஸ்பீக்கரும் இப்போதெல்லாம் பெட்டியில் வருவதில்லை. அதை மாட்டும் ஊசிகள் மட்டும் போர்டில் இருக்கின்றன. இந்த நிலையில் வேலை செய்பவர் என்ன செய்வார்? ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டுவார். ஒரே ரேமை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் பார்ப்பார் (நான்கு ஸ்லாட் போர்டுகளில் பொதுவாக பிராசசரிலிருந்து இரண்டாவதில்தான் முதல் ரேமைப் போட வேண்டும் என்பதையும் மேனுவலில்தான் தேட வேண்டும்). சிஆர்2032 பேட்டரியை எடுத்து, பயாஸ் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் சிமாஸை அழிப்பார். பிராசசருக்கான நான்கு பின், எட்டு பின் பவர் கனெக்டர் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பார், அது இல்லாமலும் ஃபேன் நன்றாகவே சுற்றும். மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் இடையில் போட்ட கன்வெர்ட்டரைச் சந்தேகிப்பார். பிராசசரைத் தூக்கி சாக்கெட்டில் பின் வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடிப்பார். இத்தனையும் முடித்து ஒன்றும் பிடிபடவில்லை என்றால் 'போர்டு போயிடுச்சு' என்று சொல்லிவிடுவார். நல்ல போர்டுகளும் இப்படித்தான் மாற்றப்படுகின்றன. பிராசசரைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டுவதில் உண்மையிலேயே பின் வளைந்துவிட்டால், வாரன்டியும் போய்விடும். டிராம் விளக்கு ஒன்று எரிந்திருந்தால் இவர் நேராக ரேமுக்குப் போயிருப்பார்.

விலை உயர்ந்த போர்டு வாங்குபவரிடம் பெரும்பாலும் மாற்றிப் பார்க்க இன்னொரு கார்டோ ரேமோ இருக்கும். மலிவு போர்டு வாங்குபவரிடம் இருப்பது ஒரே ஒரு ரேம். விளக்கு அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான்.

பயாஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிராசசருக்கு முந்தைய பயாஸோடு ஒரு போர்டு கடையில் இருந்தால், பிராசசரில் கிராஃபிக்ஸ் இருந்தும் திரை கறுப்பாகவே இருக்கும். 2019இல் ரைசன் 3000 வந்தபோது பல பழைய போர்டுகளில் இதுதான் நடந்தது. பயாஸை அப்டேட் செய்வதற்காகவே ஏஎம்டி தற்காலிகமாக பிராசசர் இரவல் கொடுக்க வேண்டியிருந்தது. பெட்டியின் வெளியே என்ன பயாஸ் பதிப்பு, எந்த வரிசை பிராசசர் வரை ஓடும் என்று படிக்கும் அளவில் அச்சிடுங்கள். பிராசசர் இல்லாமலே பென்டிரைவ் மூலம் பயாஸ் ஏற்றும் பட்டனை மலிவு போர்டுகளுக்கும் கொடுங்கள்.

புதிய வகை ரேமான டிடிஆர்5 போடும் போர்டுகளில் இன்னொரு சங்கடம். முதல்முறை ஆன் செய்யும்போதும், சிமாஸை அழித்த பிறகும் போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரையில் எதுவுமே வராது. பதறிப்போய் பவரை அணைத்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. 2022இல் உங்களில் ஒரு நிறுவனம் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை ரேம் ஸ்லாட்டின் மேலேயே ஸ்டிக்கராக ஒட்டி அனுப்பியது. நான்கு 32 ஜிபி ரேம் போட்டால் 400 விநாடி என்று அதில் இருந்தது. அந்த ஸ்டிக்கரை உரிக்கும்போது ஸ்லாட்டுக்குள் ஒட்டிக்கொண்டது வேறு விஷயம். யோசனை சரியானது. அதை ஒரு தனி அட்டையாக, பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படும்படி, எல்லாருமே வைக்கலாமே.

விளக்குகளுக்கும் பயாஸ் பட்டனுக்கும் போர்டின் வடிவமைப்பையே மாற்ற வேண்டியிருக்கும். அடுத்த சிப்செட் வரும்வரை அதற்குக் காத்திருக்கிறோம். போர்ட் பக்கத்தில் ஒரு வரி, பெட்டியின் வெளியே பயாஸ் விவரம், உள்ளே ஓர் அட்டை, இவை மூன்றும் வெறும் அச்சு வேலைதான். அடுத்த லாட்டிலேயே செய்துவிடுங்கள்.