எங்க பையனுக்கு வாயாடக் கத்துக்குடுத்த எல்லாருக்கும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிக்கிட்டே போன மடல் இது. குட்டிக்கு வர்ற மாசம் 15 முடியுது, அதுக்குள்ள எழுதிடணும்னு இன்னிக்கு உக்காந்துட்டேன். தெரியாதவங்களுக்காக சொல்றேன், அவனுக்கு செரிப்ரல் பால்சி, கையும் காலும் அவன் பேச்சைக் கேக்காது, வாய்ல சத்தம் வரும் வார்த்தை வராது, ஆனா காதும் மூளையும் பயங்கர ஷார்ப்பு.

மொத நன்றி எங்க தெருவுல ரிட்டயர் ஆன தமிழ் டீச்சருக்கு. தெரபிஸ்ட் மேடம் எழுத்து போர்டு போடலாம்னு சொன்னப்போ 247 எழுத்தை எப்படிங்க ஒரு அட்டைல அடைக்கிறதுன்னு நான் முழிச்சேன். டீச்சர் சிரிச்சுட்டு, அம்மாடி 247 எதுக்கு, உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒண்ணு, ஒரு புள்ளி, அது போதும்னாங்க. வல்லினமா, மெல்லினமா, இடையினமான்னு கேளு, ஒவ்வொண்ணுலயும் ஆறே எழுத்துதான், அவன் மேல பாத்தா ஆமான்னு வச்சுக்கோ, அப்புறம் குறிலா நெடிலான்னு கேளுன்னு அவங்க சொல்லச் சொல்ல எனக்கு புல்லரிச்சிடுச்சு. ஸ்கூல்ல மார்க்குக்காக மனப்பாடம் பண்ணுனது எம் பையனுக்கு வாயா வரும்னு யார் கண்டா. அதை ஃப்ளெக்ஸ்ல அடிச்சு குடுத்த கடைத் தம்பி காசே வாங்கல, கல்யாண பேனர் மிச்சத்துலதான் அடிச்சேன்க்கான்னான், பின்னாடி பாத்தா நெசமாவே பாதி மாப்ள மூஞ்சி இருக்கு!

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி சாப்பாட்டு நேரம். வல்லினம், த். குறில், அ. இடையினம், ய். குறில், இ. மறுபடி இடையினம், ர், அப்புறம் புள்ளி. தயிர்! நான் அழுதுகிட்டே ஓடிப்போய் தயிர் சோறு பெசஞ்சு எடுத்துட்டு வர்றேன், அவன் கத்துறான். திரும்ப போர்டை புடிச்சா "புடிக்காது"ன்னு முடிச்சான். பதினொரு வருஷமா தெனம் ராத்திரி புள்ளைக்கு புடிக்கும்னு நானே முடிவு பண்ணி ஊட்டியிருக்கேன்.

எங்க மாமியாருக்கு இந்த போர்டே புடிக்கல, இதைக் காட்டிப் பழக்குனா வர்ற பேச்சும் வராம போயிடும்னாங்க. அந்த பயம் நெறைய வீட்ல இருக்கு. ஆராய்ச்சி பண்ணிப் பாத்தவங்க பேச்சு கொறையறதில்ல, சில பிள்ளைங்களுக்கு கொஞ்சம் கூடவே வருதுன்னுதான் சொல்லியிருக்காங்கன்னு தெரபிஸ்ட் மேடம் மூணு தடவை பொறுமையா வெளக்கினாங்க. இப்ப வீட்ல போர்டை எல்லாரையும் விட வேகமா ஓட்டுறது மாமியார்தான், அவங்களுக்கும் நன்றி, ஆனா சீரியல் கதையெல்லாம் அதுல கேக்காதீங்க அத்தை.

டேப்லெட்ல படத்தையோ எழுத்தையோ தொட்டா அதுவே வாய்விட்டுப் பேசுற ஆப் எல்லாம் வெளிநாட்டுச் சரக்குன்னு நெனச்சிருந்தேன். ஆவாஸ்னு ஒண்ணு நம்ம சென்னையில அஜித் நாராயணன் டீம் செஞ்சதாம், மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்களுக்காக இங்க நடக்குற வித்யாசாகர்ங்கிற அமைப்புல இருக்கிற பிள்ளைங்களோட பழகி அவங்க தேவையைப் பாத்து உருவாக்கினதுன்னு மேடம் சொன்னப்போ ஒரு தெம்பு வந்துச்சு. ஆனா டவுன்லோட் பண்றது ரெண்டு நிமிஷ வேலைங்க, தொட முடியாத கைக்கு டேப்லெட்டும் ஒண்ணுதான் பலகையும் ஒண்ணுதான். அங்கதான் மொபைல் ரிப்பேர் கடைத் தம்பி வந்தாரு. பழைய கீபோர்டைக் கழட்டி ஸ்பேஸ் பட்டன் இருக்கிற எடத்துல ரெண்டு ஒயரைப் பத்தவச்சு, அதுல ஒரு காலிங் பெல் சுவிட்சை மாட்டி டேப்லெட்ல சொருகிட்டாரு. ஆண்ட்ராய்டுல ஸ்விட்ச் ஆக்சஸ்னு ஒண்ணு இலவசமாவே இருக்கு, கட்டம் ஒண்ணொண்ணா நகரும், வேணுங்கிற எடத்துல வரும்போது குட்டி முட்டியால ஒரு இடி இடிப்பான். வெல்டிங் பட்டறை பாய் வீல்சேர்ல அதுக்குன்னு ஒரு கம்பி வளைச்சுக் குடுத்தாரு, மூணு தடவை அளவு மாத்தியும் மூஞ்சி சுளிக்கல.

ஒரு ஸ்கூல்ல இந்த மிஷினோட உள்ள விடமாட்டோம், மத்த பிள்ளைங்களுக்கு டிஸ்டர்பன்ஸ்னு சொல்லிட்டாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல தகவல் தொடர்புன்னா என்னங்கிற விளக்கத்துலயே பேச்சுக்கு மாற்றான வழிகளும் சேந்திருக்குன்னு அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் குடுத்த வக்கீல் சார், ஒரு டீ கூட குடிக்காம போனீங்க. இப்ப வேற ஸ்கூல்ல மொத பெஞ்ச் பக்கத்துல வீல்சேர் நிக்குது.

அப்புறம் மளிகைக்கடை அண்ணாச்சி. அவன் ஒரு வார்த்தை முடிக்க ரெண்டு நிமிஷம் ஆகும், எல்லாரும் முந்திரிக்கொட்டையாட்டம் பாதிலயே இதானே அதானேன்னு சொல்லி முடிச்சுடுவாங்க, நானும்தான். அண்ணாச்சி மட்டும் தராசைக் கீழ வச்சுட்டு கையக் கட்டிக்கிட்டு நிப்பாரு. பின்னாடி நிக்கிறவங்க முணுமுணுத்தா "கஸ்டமர் பேசிக்கிட்டு இருக்காருல்ல"ன்னு ஒரு அதட்டு. எம் பையனை மொதமொதல்ல கஸ்டமர்னு சொன்னது அவருதான்.

குட்டியும் ஒரு வரி எழுதணும்னான். நாப்பது நிமிஷம் முட்டியால இடிச்சு அடிச்சது, ஒரு எழுத்து மாத்தாம அப்படியே போடுறேன்:

"எல்லாருக்கும் நன்றி. அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. மோரும் புடிக்காது."