குழாயை அடைக்கும் முன்: முனியசாமிக்கு ஒரு கடிதம்

கீழக்கரை
பங்குனி

அன்புள்ள முனியசாமி மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளும் பேரனும் நலம் என்று அறிந்து எல்லாருக்கும் சந்தோஷம். இங்கேயும் சுகம்தான். வெயில் மாசியிலேயே ஏறிவிட்டது, பதநீர் வர ஆரம்பித்துவிட்டது, விசைப்படகுக்காரர்கள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு நாள் எண்ணுகிறார்கள்.

கட்டண நிலுவைக்காரர்களின் குடிநீர் இணைப்பைத் துண்டிக்க உங்கள் நகர்மன்றத்தில் தீர்மானம் வரப்போகிறது, பாதாளச் சாக்கடை இணைப்பையும் சேர்த்து அடைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், நீ என்ன பேசலாம் என்று கேட்டிருந்தாய். துண்டிப்பே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கட்டக்கூடியவன் கட்டாமல் இருந்தால் மின்கட்டணத்தையும் மோட்டார் பழுதையும் ஒழுங்காகக் கட்டுகிறவன் தலையில்தான் ஏற்றவேண்டியிருக்கும். ஆனால் யாருக்கு, எந்த மாதத்தில், எந்த இடத்தில் அடைப்பது என்பதில்தான் காரியம் இருக்கிறது. சாக்கடையை அடைக்கும் பேச்சை மட்டும் முளையிலேயே கிள்ளிவிடு. அதற்குக் காரணம் பின்னால் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் காலம் முடிந்துவிட்டது. 2023 ஏப்ரல் 13 முதல் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டமும் அதன் கீழான 2023 விதிகளும்தான் நடப்பில் இருக்கின்றன. பழைய சட்டப் பிரிவை அச்சடித்த நோட்டீஸ் படிவம் அலமாரியில் மிச்சம் கிடந்தால் அதை எடுக்கவேண்டாம் என்று சொல். வக்கீல் வைத்திருக்கும் லாட்ஜ்காரர் முதலில் பிடிப்பது அந்தப் பிரிவு எண்ணைத்தான். சென்னை நோட்டீஸைப் பார்த்து நகல் அடிப்பதும் ஆகாது. அங்கே குடிநீர் வாரியத்துக்கு 1978-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது, அது நமக்குப் பொருந்தாது.

அடுத்து நிலுவைப் பட்டியல். அது வந்ததும் அப்படியே நம்பிவிடாதே. ஒரே வீட்டுக்குச் சொத்து வரிக்கு ஒரு எண், குடிநீருக்கு ஒரு எண், பாதாளச் சாக்கடைக்கு ஒரு எண். சொத்து வரியை அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும் என்று சனங்கள் ஏப்ரலில் ஓடிப்போய்க் கட்டுவார்கள். ரசீதைக் கையில் வாங்கியதும் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துவிடுவார்கள். குடிநீர்க் கணக்கு தொடப்படாமலே கிடக்கும். இவர்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, ஒரு தடவை எடுத்துச் சொன்னால் கட்டிவிடுவார்கள். இன்னொரு வகை, அத்தா பெயரிலேயே இணைப்பு இருந்து, அவர் மௌத்தாகி, பிள்ளைகள் துபாயிலும் சென்னையிலும் இருக்கிற வீடுகள். எங்கள் ஊரில் இதுதான் அதிகம். பூட்டின கதவில் நோட்டீஸ் ஒட்டி யாருக்குத் தெரியப்போகிறது? அப்படிப்பட்ட வீட்டுக்கு வாரிசுகளிடம் எழுதி வாங்கித் தற்காலிகமாக இணைப்பை நிறுத்தி வைப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. மூன்றாவது வகை, ஒரே இணைப்பிலிருந்து உள்ளே மூன்று குடித்தனத்துக்குத் தண்ணீர் பிரிந்து போகும் வளவுகள். அங்கே நிலுவை வீட்டுக்காரருடையது, தாகம் வாடகைக்காரருடையது. வாடகைக்காரரிடம் நேராக மாதக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு தண்ணீரைத் தொடரவும், பழைய பாக்கியை உரிமையாளரிடம் தனியாகக் கேட்கவும் தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்.

ஆக, பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு பில் கலெக்டரும் ஃபிட்டரும் சேர்ந்து ஒருமுறை தெருவில் நடக்கவேண்டும். ஒருவருக்குக் கணக்கு தெரியும், மற்றவருக்குக் குழாய் எங்கே போகிறது என்று தெரியும். இருவரும் தனித்தனியாகப் போனால்தான் நிலுவை இல்லாத வீட்டுக் குழாயை வெட்டிவிட்டு வருவது நடக்கும்.

நோட்டீஸில் மொத்தத் தொகையை மட்டும் போட்டால் போதாது. இணைப்பு எண், வார்டு, எந்த அரையாண்டுக்கு எவ்வளவு, கடைசித் தேதி, கணக்கு தப்பு என்றால் யாரிடம் எந்த நேரத்தில் வந்து சொல்லலாம், அவர் கட்டணத்தைத் திருத்தும் அதிகாரம் உள்ளவரா, துண்டித்தால் மறு இணைப்புக்கு என்ன செலவு, தவணை கேட்க வழி உண்டா, இத்தனையும் பெரிய எழுத்தில் தமிழில் இருக்கவேண்டும். கையில் கொடுத்துக் கையெழுத்து. வாங்க மறுத்தால் இரண்டு சாட்சி வைத்துக் கதவில் ஒட்டிப் போட்டோ. இந்த 'யாரிடம் சொல்லலாம்' என்ற வரி சின்ன விஷயமாகத் தெரியும். அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்துக் குடிநீர், மின்சார நிறுவனத்தின் மேல் வந்த வழக்கில் 1978-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் பிடித்துக்கொண்டது இதைத்தான். தகராறான பில்லைப் பற்றி முறையிட வழி இருக்கிறது என்று சொல்லாமல், முறையீட்டைக் கேட்க ஆள் வைக்காமல், இணைப்பைத் துண்டித்தது செல்லாது என்றது தீர்ப்பு.

லண்டனில் இருக்கும் உன் மகள் அங்கே வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தவே மாட்டார்கள் என்றாளாமே, அது நிஜம்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டண பாக்கிக்காக வீட்டு இணைப்பைத் துண்டிப்பதையும், நீரைக் குறைக்கும் கருவி பொருத்துவதையும் தடை செய்துவிட்டது. பாக்கியைக் கோர்ட்டில் போய்த்தான் வசூலிக்கவேண்டும். கடைக்கும் கம்பெனிக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. கலிஃபோர்னியாவில் 2018-இல் ஒரு சட்டம் வந்தது: பாக்கி விழுந்து 60 நாள் ஆகாமல் வீட்டுக் குழாயைத் தொடக்கூடாது, துண்டிக்க ஏழு வேலைநாள் முன்னதாகவே தகவல் போயிருக்கவேண்டும், தவணை வசதி இருக்கவேண்டும். நமக்கு இங்கிலாந்து அளவுக்குப் போகமுடியாது என்றே நினைக்கிறேன், சில நூறு ரூபாய்க்குக் கோர்ட்டுக்குப் போனால் ஸ்டாம்பு செலவுக்கே ஆகாது. கலிஃபோர்னியாவின் 60 நாளும் ஏழு நாளும் நம் ஊருக்குச் சரியாக வரும்.

அந்த 60 நாளுக்கு நம் கடற்கரையில் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். முதல் அரையாண்டுக் கட்டணக் கேட்பு ஏப்ரலில் விழுகிறது. விசைப்படகில் போகிறவன், வலை பின்னுகிறவன், ஐஸ் உடைக்கிறவன் என்று யார் வீட்டிலும் அப்போது வரும்படி இல்லை. அந்த மாதங்களில் நோட்டீஸ் கொடுத்தால் வசூல் ஆகாது, வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். மீனவர் தெருக்களுக்கு ஜூலையில் கேட்டு வசூல் செய். லாட்ஜ், ஹோட்டல், கல்யாண மண்டபம், இறால் கம்பெனி இவர்களுக்கு நோட்டீஸ் போகவேண்டியது ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஒரு மாதம் முன்பு. அறை நிறையும் நேரத்தில் குழாய் மூடப்படும் என்று தெரிந்தால் செக் தானாக வரும். பெரிய பாக்கி இருபது முப்பது பேரிடம்தான் குவிந்திருக்கும். அவர்களை முதலில் முடிக்காமல் 900 ரூபாய் பாக்கிக்காரன் வீட்டுக்குக் கடப்பாரையோடு போனால் ஊர் சிரிக்கும்.

அந்த 900 ரூபாய்க்கு ஆகும் செலவையும் எண்ணிப்பார். ஃபிட்டர், உதவியாள் இருவருக்கும் அரைநாள், பேவர் பிளாக் பெயர்த்துக் குழி, எண்ட் கேப், திரும்ப மூடுவது. பிறகு பணம் கட்டினால் அத்தனையும் மறுபடி. பாக்கியை இதுவே தின்றுவிடும். மாதம் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று வருஷ பாக்கி 5,400. நடப்பு அரையாண்டு 900-ஐ ஒரேயடியாக வாங்கிக்கொண்டு, 5,400-ஐ ஜூலையிலிருந்து மாதம் 450 என்று 12 தவணையாக எழுதி வாங்கினால் பெரும்பாலான வீடு கட்டிவிடும். ஒரு தவணை தவறினதும் வெட்டாமல், மறு நோட்டீஸ் கொடுத்துவிட்டுச் செய்யட்டும்.

இனி எங்கே அடைப்பது என்பதற்கு வருகிறேன். மெயின் பைப்பில் சேடில் என்ற பிடிப்பட்டையைப் போட்டு, அதில் ஃபெரூல் என்ற பித்தளை இணைப்பை முறுக்கி, அங்கிருந்து அரை இஞ்ச் குழாய் வீட்டுக்குப் போகிறது. நூலில் எழுதியபடி என்றால் ஃபெரூலைத் திறந்து உள் திருகை இறுக்கி மூடவேண்டும். நம் உப்பு மண்ணில் பத்து வருஷம் கிடந்த பித்தளை ஃபெரூல் அசையாது. ஸ்பேனரைப் போட்டு வலிந்து திருப்பினால் சேடில் விரிந்து கசியும், அப்புறம் அதை மாற்றத் தெரு முழுக்கத் தண்ணீரை நிறுத்தவேண்டும். அதனால் வீட்டு மதில் ஓரம் ஸ்டாப் காக் (மூடும் வால்வு) இருந்தால் அதை மூடி ஈயச் சீல் வைப்பதே உத்தமம். மீட்டர் இருந்தால் மீட்டரைக் கழற்றி, தெருப் பக்க முனையில் டம்மி பிளக்கை டெஃப்லான் சுற்றி இறுக்கிவிடலாம். ஒன்றும் இல்லாத பழைய ஜி.ஐ. இரும்புக் குழாய் என்றால் வெட்டித்தான் ஆகவேண்டும், ஆனால் இந்தச் சாக்கில் வெட்டின இடத்தில் எம்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாய்த் துண்டும் ஸ்டாப் காக்கும் போட்டுவிடு. அடுத்த தடவை குழி தோண்டும் வேலை இருக்காது.

எந்த வழியானாலும் தெருப் பக்க முனை திறந்து கிடக்கக்கூடாது. துணியைச் சுருட்டித் திணிப்பது, டயர் டியூப் கட்டுவது எல்லாம் உதவாது. இதை நீ அழுத்திச் சொல்லவேண்டும். நமக்கு 24 மணி நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. திருச்சிப் பக்கம் காவிரியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் நீரை மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி, முறை வைத்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் திறக்கிறோம். வால்வை மூடினதும் குழாய் காலியாகும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி வெளியே இருப்பதை உறிஞ்சும். போதாததற்கு நாலு வீட்டில் குழாயிலேயே மோட்டாரை மாட்டி இழுப்பார்கள். வெட்டின முனை கால்வாய் ஓரம் கிடந்தால் அந்தச் சாக்கடை நீர் நேராக மெயினுக்குப் போய், மறுநாள் பணம் கட்டின அத்தனை வீட்டுக் குடத்திலும் விழும். ஒரு வீட்டைத் துண்டித்து ஒரு தெருவுக்கே வயிற்றுப்போக்கு வருவது இப்படித்தான்.

முழுதாக நிறுத்தாமல் குறைத்துவிடும் வழியும் உண்டு. குழாய் இணைப்பில் நடுவில் சிறு துளையுள்ள தட்டைப் பொருத்துவது. 2 மி.மீ. துளையில், 5 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் இருந்தால் நிமிடத்துக்கு 1 லிட்டருக்குச் சற்று மேல் வரும். ஒரு மணி நேரம் திறந்தால் 65 லிட்டர் போல, அதாவது ஐந்து குடம். குடிக்க, சமைக்கக் காணும், தொட்டி நிரப்பக் காணாது. தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க் நகரத்துக் குடிநீர் வழக்கு 2009-இல் முடிந்தபோது பேசப்பட்ட அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர். நம்முடைய ஐந்து குடம் மூன்று பேர் வீட்டுக்கு அந்த அளவை ஒட்டி வருகிறது, அதுவும் தினம் திறந்தால்தான். ஒன்றுவிட்டு ஒருநாள் என்றால் பாதி. துரு அடைத்தால் அதுவும் நின்றுபோகும், மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவ ஆள் வேண்டும். ஆனாலும் குடும்பங்கள் இருக்கும் வீட்டுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். முழுதாக நிறுத்தினால் அவர்கள் பக்கத்து வீட்டில் டியூப் போட்டுப் பிடிப்பார்கள், பெரும்பாலும் மீட்டர் இல்லாத ஊரில் நகராட்சிக்கு ஒரு சொட்டும் மிச்சமாகாது. இல்லையென்றால் மணலில் ஊற்று தோண்டிச் சிரட்டையால் அள்ளுவார்கள். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிசாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் குறைந்தால் கீழே உப்பு நாற்பது அடி ஏறும் என்பது பழைய கணக்கு. போட்டி போட்டு இறைத்தால் ஊற்று ஊருக்கே கரித்துவிடும்.

சாக்கடைக்கு வருகிறேன். வீட்டிலிருந்து வரும் 110 மி.மீ. குழாயைச் சேம்பரில் (சாக்கடைச் சோதனைத் தொட்டியில்) செங்கல் வைத்துப் பூசினால் போதும், பணம் வந்துவிடும் என்கிறார்கள். தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்க வெளியே போகும் வழியை மட்டும் அடைத்தால், அது கீழ்த்தளக் குளியலறை வழியாக மேலே வரும். அந்தக் கீழ்த்தளத்தில் இருப்பது பெரும்பாலும் வாடகைக்காரர். அப்புறம் ராத்திரியோடு ராத்திரியாக மழைநீர்க் கால்வாயில் ஒரு ஓட்டை போட்டு விடுவார்கள், அது ஊருணிக்கோ கடலுக்கோ போகும். பூசினதை மறுபடி உடைக்க யார் குழிக்குள் இறங்குவது? 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சாக்கடைக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றம், முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறையோ, இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ. ஒப்பந்தக்காரர் இறக்கினாலும் வேலை கொடுத்தவரையும் சேர்த்துப் பிடிக்கும். எனவே சாக்கடைக் கட்டண பாக்கியைக் குடிநீர்க் கணக்கோடு சேர்த்துக் கேட்கட்டும், குழாயைத் தொடவேண்டாம்.

தண்ணீரை நிறுத்துவதே பாதாளச் சாக்கடைக்கு ஆகாது என்பதையும் இன்ஜினியரிடம் கேட்டு வை. அந்த வசதி உள்ள ஊருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று மத்திய அரசின் கையேடு வைத்திருப்பது சும்மா இல்லை. கசடு படியாமல் ஓட நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் வேண்டும். ஒரு தெருவில் பத்து வீட்டுக்கு ஒரே நேரத்தில் தண்ணீரை நிறுத்தினால் அந்தத் தெரு மேன்ஹோல் அடைத்துக்கொள்ளும்.

சில்லறை விஷயங்கள்: வெள்ளிக்கிழமை மாலையிலும் விடுமுறைக்கு முந்தின நாளும் துண்டிக்கக் கூடாது, பணத்தோடு வருகிறவனுக்கு ஆபீஸ் திறந்திருக்கவேண்டும். வாசலிலேயே பணம் வாங்கி ரசீது போடும் கருவியை ஃபிட்டரோடு அனுப்பு, குழி தோண்டும் சத்தம் கேட்டதும் பாதிப்பேர் கட்டிவிடுவார்கள். கட்டினால் 24 மணி நேரத்துக்குள் மறு இணைப்பு. பிள்ளைத்தாய்ச்சி, கைக்குழந்தை, டயாலிசிஸ் செய்கிறவர், தனியாக இருக்கும் முதியவர் இருக்கும் வீடுகளைப் பட்டியலில் முதலிலேயே சிவப்பு மையில் வட்டமிட்டு ஒதுக்கிவிடவும். தெருக்குழாய் ஓடாத தெருவில் எந்த வீட்டையும் துண்டிக்காதே.

தீர்மானத்தின் நகல் கைக்கு வந்ததும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, ஒருமுறை வரிவரியாகப் பார்த்துவிடுகிறேன். மறு இணைப்புக் கட்டணம் எவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் பார். பாக்கியை விட அது பெரிதாக இருந்தால் அங்கேயே எழுந்து ஆட்சேபணை சொல். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம்.

அன்புடன்,
செய்யது