மேல்தட்டும் அரிசி மூட்டைகளும்

ஸ்காபரோ
ஏப்ரல் கடைசிக் கிழமை

அன்புள்ள மச்சான்,

உன் குரல் பதிவு வந்து மூன்று கிழமையாகிவிட்டது. கோபிக்காதே. கை முழுக்க எப்பொக்ஸிப் பசை, பேனையைத் தொட்டால் பேனையும் சேர்ந்து ஒட்டிவிடும் போல இருந்தது. மகளுக்குக் கம்பஸ் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் பெரிய சந்தோசம். என்ன படிக்கப் போகிறாள் என்று மட்டும் நீ சொல்லவில்லை. அவளையே எனக்கு எழுதச் சொல்.

சரி, நான் வாங்கின பழைய படகின் மேல்தட்டைத் திருத்துகிற கதைக்கு வருகிறேன். "ஒரு மூலை உக்கினால் நாலு ஓட்டை போட்டு ரெசினை ஊற்றி விடுவதுதானே, அதுக்கு ஏன் ரெண்டு மாதம்?" என்று கேட்டிருந்தாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இங்கே துறையில் நிற்பவர்களில் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் ஊற்றினால் இறுகிற பசைதான் ரெசின், ஈர மரத்தில் அது பிடிக்காது. ஓட்டை வழியாக ஊற்றினால் கிடைத்த சந்துக்குள் ஓடிக் கட்டியாகி நிற்கும். அதைச் சுற்றி மரம் பாட்டுக்கு உக்கிக்கொண்டே இருக்கும்.

உன் வள்ளம் வேறு, இது வேறு. உன்னுடையதன் உடம்பு 'மட்' என்கிற ஃபைபர் விரிப்பும் ரெசினுமாக ஒரே சுவர், நடுவில் பலகை இல்லை. என்னுடையது 1974இல் ஒன்ராறியோவிலேயே கட்டிய 27 அடிப் பாய்ப் படகு. அதன் மேல்தட்டு சான்ட்விச் மாதிரி. மேலே மூன்று மில்லிமீற்றர் ஃபைபர், கீழே அதைவிட மெல்லிய ஃபைபர், நடுவில் அரை அங்குலம் பல்சா மரம். பல்சா பெரும்பாலும் ஈக்குவடோரில் இருந்து வருவது. தண்ணீரின் எடையில் ஆறில் ஒரு பங்குகூட இராது. அதைக் குறுக்கே அறுத்து, நார் நிமிர்ந்து நிற்கிற மாதிரிச் சின்னச் சின்னக் கட்டிகளாக்கி வைத்திருப்பார்கள். மேல் தோலும் கீழ்த் தோலும் நடுவில் இருக்கும் மரத்தைப் பிடித்திருக்கும்வரை தட்டு பாரமும் இல்லை, வளையவும் வளையாது. தண்ணீர் போகாதவரை நல்ல யோசனைதான்.

போனது எப்படி என்கிறாயா? பாய்மரத்துக்கு முன்னால் யாரோ ஒரு கைபிடிக் கம்பி பூட்டியிருக்கிறார்கள், எந்தக் காலத்து உரிமையாளரோ. நாலு ஸ்குரூ, மேலே கொஞ்சம் சிலிக்கன், அவ்வளவுதான். சிலிக்கன் காய்ந்து விலகியதும் மழையும் பனி உருகிய தண்ணீரும் ஸ்குரூவோடு இறங்கியிருக்கின்றன. அந்தக் கட்டிகளுக்கு நடுவே இருக்கும் வெட்டுக்கள்தான் வாய்க்கால். பிறகு குளிர்காலம். உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து பத்தில் ஒரு பங்களவு பெருத்துத் தோலை மரத்தில் இருந்து பிரித்துவிடும். அடுத்த வருடம் அந்த இடைவெளிக்குள் இன்னும் தண்ணீர். உப்புத் தண்ணீர் என்றாலாவது மரம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், உக்க வைக்கும் பூஞ்சணத்துக்கு உப்பு ஆகாது. மழைத் தண்ணீர் அதற்கு விருந்து. ஊரில் வள்ளத்துக்குக் கடலை விட மாரி மழைதான் எதிரி என்று உன் அப்பா சொல்வாரே, அது எனக்கு இங்கே வந்துதான் விளங்கியது.

வாங்கின அன்றைக்கே காலுக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் மிதித்தால் பாண் துண்டை மிதித்த மாதிரி. பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நல்ல இடம் 'டக் டக்' என்றது, கெட்ட இடம் 'தொப்' என்றது. பென்சிலால் கோடு கீறிக்கொண்டே போனேன். முதலில் ஒரு தலையணை அளவு. அப்புறம் ஒரு பாய் அளவு. கடைசியில் முன்பக்கத் தட்டில் பாதி. அன்றைக்கு வீட்டில் மனுசியிடம் தலையணை அளவை மட்டும்தான் சொன்னேன்.

வட்ட வாளின் ஆழத்தை மூன்று மில்லிமீற்றருக்கு வைத்து மேல் தோலை அறுத்தேன். ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டுத்தான் வெட்ட வேண்டும், திரும்ப ஒட்டுவதற்குக் கரை வேண்டுமே. தோலைக் கிளப்பியதும் வந்த மணத்தை எழுத முடியாது. உன் அப்பா வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசும் நாட்களில் ஒழுங்கை முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோமே, அது இதற்குச் சந்தனம். மரம் இருந்த இடத்தில் கறுத்த தேயிலைச் சக்கை. கையால் அள்ளினேன். உளி ஓரத்தில் மட்டும்தான் தேவைப்பட்டது.

காய வைக்க மூன்று கிழமை. மேலே தறப்பாள், உள்ளே ஹீற்றர். பிறகு கீழ்த் தோலைத் தேய்த்தபோது பறந்த ஃபைபர் தூள் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் புகுந்து இரண்டு இரவு நித்திரை இல்லை. சுடுதண்ணீரில் மட்டும் குளிக்காதே.  பச்சைத் தண்ணீர்தான் சரி.

நீ பாவிக்கிற பொலியெஸ்ரர் ரெசின் ஏன் வேண்டாம் என்றால், புதிதாக வார்க்கும்போது அது நன்றாகப் பிடிக்கும், ஐம்பது வருடம் இறுகிய பழைய ஃபைபரில் அவ்வளவு பிடிக்காது. எப்பொக்ஸி பிடிக்கும். விலையைச் சொன்னால் ஏசுவாய், சொல்லவில்லை. நான் வாங்கியது ஐந்து பங்கு ரெசினுக்கு ஒரு பங்கு இறுக்கும் திரவம் கலக்கிறது. புத்தி இல்லாமல் ஒரு நாள் ஒரு வாளியில் நிறையக் கலந்துவிட்டு, கரையை ஒருக்கால் பார்த்துவிட்டு வருவோம் என்று திரும்பினேன். வாளியில் இருந்து புகை! ஒரே இடத்தில் ஆழமாகக் கிடந்தால் தன் சூட்டிலேயே கொதித்துவிடும். வாளியும் இளகிப் போனது. தட்டையான பாத்திரத்தில் பரப்பி வைத்திருந்தால் அரை மணித்தியாலம் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

புதுப் பல்சாவைக் களிபோலத் தடிப்பாக்கிய எப்பொக்ஸியில் பதித்தேன். மேலே பாரம் வைக்க வேண்டும், அதுவும் எல்லா இடமும் ஒரே மாதிரி. செங்கல் சரிவராது, மேல்தட்டின் வடிவமே வளைவானது. யோசித்துப் பார்த்துத் தமிழ்க் கடையில் இருபது றாத்தல் அரிசி மூட்டை எட்டு வாங்கினேன். பொலித்தீன் விரித்து அதன் மேல் அடுக்கினால் மூட்டை தட்டின் வளைவுக்கே படிந்துகொள்கிறது. பக்கத்துப் படகுக்காரன் என்ன சடங்கு என்று கேட்டான். பொங்கல் என்றேன். அந்த அரிசியைத்தான் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

மேல் தோலைத் திரும்ப ஒட்டியாகிவிட்டது. வெட்டின கோட்டின் இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்த்து, ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்குப் பன்னிரண்டு மில்லிமீற்றர் அகலம் என்ற கணக்கில், ஃபைபர் துணி மேல் துணியாக நிரப்பினேன். இனிப் பெயின்ற். அது சுலபமான வேலை, அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஓட்டைகள்தான் உண்மையான வேலை. ஒவ்வொரு போல்ற் ஓட்டையையும் பெரிதாகத் துளைத்து, சுற்றிலும் மரத்தைத் தோண்டி, எப்பொக்ஸியால் நிரப்பி, அதன் நடுவில் சரியான அளவுக்குத் திரும்பத் துளைக்கிறேன். நாளைக்குத் தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. நாற்பத்திரண்டு ஓட்டை, முப்பத்தொன்று முடிந்தது. மே மாதக் கடைசியில் ஏரியில் இறக்கலாம்.

பெயர் இன்னும் வைக்கவில்லை. வல்வெட்டித்துறையில் கட்டி, 1938இல் அமெரிக்காவில் குளோஸ்ரர் துறையைத் தொட்ட பாய்க்கப்பல் அன்னபூரணியின் பெயரை வைப்போமா என்று கேட்டேன். வல்வெட்டித்துறையின் மானத்தை ஒன்ராறியோ ஏரியில் தாழ்க்க வேண்டாம் என்கிறாள் மனுசி.

மச்சான், ஒரு விசயம். உன் வள்ளத்தில் பலகை இல்லை என்றேன், முழுக்கச் சரியில்லை. எஞ்சின் பூட்டுகிற பின்சுவரின் நடுவே பிளைவூட் இருக்கும். போன வருடம் எஞ்சினை மாற்றியபோது பழைய போல்ற் ஓட்டைகளை என்ன செய்தாய்? சும்மா மட் வைத்து மூடினாய் என்றால், எஞ்சினைக் கழற்றிவிட்டு ஒரு பத்து ரூபாய் நாணயக் குற்றியால் சுற்றிவரத் தட்டிப் பார். கீழ் ஓட்டைப் பக்கம் முதலில் தட்டு. தொப் என்றால் கடலுக்குப் போகாமல் எனக்கு எடு.

அன்புடன்
உன் பழைய கூட்டாளி