சாணைக்காரரிடம் கொடுக்காதே

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. பேத்திக்கு மொட்டை போட்டது, முழங்கால் வலி, கோயமுத்தூர்க் குளிர் எல்லாம் படித்தேன். இங்கே தண்டையார்பேட்டையில் அனைவரும் நலம். நான் மரத்தில் செதுக்கும் யானைகளுக்கு ஷோகேஸில் இடமில்லை என்று வீட்டில் தினமும் அர்ச்சனை.

நீயும் செதுக்க உட்கார்ந்துவிட்டாய் என்றதும் குஷியாகிவிட்டேன். ஆனால் மடக்குக் கத்தியைச் சைக்கிள் சாணைக்காரரிடம் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, வேண்டாம்டா. அரிவாள்மணைக்கு அவர் சரி. இது மெல்லிசு அலகு. சுற்றுகிற கல்லில் தண்ணீர் படாமல் அழுத்தினால் நொடியில் சூடேறி ஓரம் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போச்சு, அப்புறம் என்ன தீட்டினாலும் கூர் நிற்காது.

1000 நம்பர் தீட்டுக்கல் ஒன்று வாங்கு. நம்பர் ஏற ஏறக் கல் நைஸாகும். தண்ணீர் விட்டுத் தீட்டு. எவ்வளவு சாய்ப்பது என்பதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். அலகு எவ்வளவு அகலமோ அதில் ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கிப் பிடி. ஒன்றரை சென்டிமீட்டர் அலகென்றால் 3 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட பதினொன்றரை டிகிரி வரும். கடையில் வாங்கும் கத்தி பெரும்பாலும் இதைவிட மொண்ணைச் சாய்வில்தான் இருக்கும், அதனால்தான் மரத்தில் வழுக்காமல் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஓரத்தில் மார்க்கர் பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பார். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. மறுபக்கத்தில் நுனியிலிருந்து அடிவரை விரலுக்குப் பிசிறு தட்டுப்படும்வரை ஒரே பக்கம் தீட்டு, பிறகு திருப்பு. அடுத்து 3000 கல். கடைசியாகப் பழைய தோல் பெல்ட்: ஸ்டீல் பாலிஷ் போடுகிறவர்களிடம் இருக்கும் பச்சைக் கட்டியைத் தடவி, கத்தியின் முதுகு முன்னே போகும்படி இழு. மாற்றி இழுத்தால் தோல் அறுந்துவிடும்.

காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர்கள் சொரசொரப்புக் கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். மீன் தோலை இழுத்து அறுக்க அந்தப் பல் பல்லான வாய்தான், அதாவது வெட்டும் ஓரம்தான் நல்லது. நாமோ கத்தியைத் தள்ளிச் சீவுகிறோம், நமக்குக் கண்ணாடிபோல் வழவழப்பு வேண்டும். கல்லை எப்போதாவது எடுத்தால் போதும். செதுக்கும்போது தோல் பெல்ட்டில் மட்டும் அரைமணிக்கு ஒருதரம் இழு.

சும்மா கிடைக்கிறதே என்று தச்சுப் பட்டறைத் தேக்குத் துண்டைத் தொடாதே. தேக்கில் சிலிக்கா உண்டு, கத்தியின் வாயைத் தின்றுவிடும். நான் ஹார்பர் பக்கமிருந்து வரும் பேக்கிங் பெட்டியின் பைன் பலகையைத்தான் கணு தள்ளி அறுத்துக்கொள்கிறேன். கல்யாண முருங்கையும் மெத்தென்றிருக்கும்.

இங்கே உப்புக்காற்றில் கார்பன் ஸ்டீல் ஒரே ராத்திரியில் துருப் புள்ளி விடுகிறது. உனக்கு அந்தக் கவலையில்லை. இருந்தாலும் மடக்கும் இடத்தில் தேங்காயெண்ணெய் விடாதே, பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

கூர் பார்க்கக் கைமயிரைச் சிரைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். பைன் துண்டின் நுனியைக் குறுக்கே சீவு. பளபளவென்று வந்தால் சரி. வெள்ளைக் கோடு தெரிந்தால் அந்த இடத்தில் வாய் உடைந்திருக்கிறது, திரும்பக் கல்லுக்குப் போ. முதலில் உன் கத்தியில் இருக்கும் சின்ன அலகை மட்டும் தீட்டிப் பார்த்துவிட்டு எழுது. பெரியதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உன்
கோபால்