கண்டெய்னர் வேண்டாம், சம்பளம் அனுப்புங்கள்

ஹெய்ட்டியில் ஒரு கத்தோலிக்கப் பங்கைச் சகோதரப் பங்காக ஏற்று உதவிவரும் அமெரிக்கத் திருச்சபைப் பங்குகளின் குழுவினருக்கு,

வணக்கம். நானும் அப்படி ஒரு குழுவில் பல வருடமாக உட்கார்ந்திருப்பவன்தான். 2024 நவம்பரில் ஹெய்ட்டியின் தலைநகர் போர்ட்டோபிரின்ஸில் இறங்க வந்த பயணிகள் விமானத்தின் மேல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அமெரிக்க விமானங்கள் அங்கே போவது நின்றது. அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் இரண்டு பேச்சுதான். ஒன்று, "போய்ப் பார்க்கவே முடியவில்லை, உதவியை நிறுத்திவிடலாம்." இன்னொன்று, "சரி, போக முடியாவிட்டால் என்ன, அரிசியும் பழைய துணியும் கண்டெய்னரில் அனுப்பிவிடலாம்." எனக்கு இரண்டிலுமே உடன்பாடு இல்லை.

அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்ட்டிபோனீத் பள்ளத்தாக்கில் விளைந்த அரிசியே ஒரு காலத்தில் அந்த நாட்டுக்குப் பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. 1990களில் இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். மானியம் வாங்கி விளைந்த அமெரிக்க அரிசி மலிவாக வந்து குவிந்தது. உள்ளூர் விவசாயி படுத்துவிட்டார். இது தவறு என்று பில் கிளின்டனே 2010 மார்ச்சில் செனட் குழு முன்னால் ஒப்புக்கொண்டார். பழைய துணிக்கு அங்கே 'பெப்பே' என்று தனிப் பெயரே உண்டு. தெருத்தெருவாகக் குவிந்து கிடக்கிறது, தையல்காரருக்கு வேலை இல்லை. நம் மூட்டையும் அந்தக் குவியலில்தான் போய் விழும்.

பன்றிக் கதை இதைவிட மோசம். மலைக் கிராமத்துக் குடும்பத்துக்குக் கறுப்புக் கிரியோல் பன்றிதான் வங்கிக் கணக்கு. கிடைத்ததைத் தின்று வளரும். பள்ளி திறக்கும்போது ஒன்றை விற்றுப் பீஸ் கட்டுவார்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் (பன்றிகளைக் கொல்லும் நோய், மனிதருக்குத் தொற்றாது) வந்தது என்று 1980களின் தொடக்கத்தில், அமெரிக்கா முன்னின்று, ஏறக்குறைய எல்லாவற்றையும் கொன்றார்கள். பதிலுக்கு வந்த அமெரிக்கப் பன்றிக்கு விலைத் தீவனம், சிமெண்ட் தரை, சுத்தமான தண்ணீர் எல்லாம் வேண்டும். வளர்ப்பவனுக்கே கிடைக்காத வசதி! 'நாலுகால் இளவரசன்' என்று ஊரே கிண்டல் செய்தது. உதவ வந்தவர்களின் எண்ணத்தில் பழுதில்லை என்றே வைத்துக்கொள்வோம். வளர்ப்பவனைக் கேட்டார்களா?

நாமும் கேட்பதில்லை. வகுப்பறை கட்டப் பணம் தா என்றால் உடனே சேர்கிறது. சுவரில் பெயர் பொறிக்கலாம், போட்டோ எடுக்கலாம். ஆசிரியர் சம்பளம் என்றால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஹெய்ட்டியில் பெரும்பாலான பள்ளிகளை நடத்துவது அரசு அல்ல; திருச்சபைகளும் தனியாரும்தான். பெற்றோரால் பீஸ் கட்ட முடியவில்லை என்றால் ஆசிரியருக்குச் சம்பளம் இல்லை. கிளைப்பங்குகளில், மலை ஏறிப் போகவேண்டிய சிற்றாலயங்களை ஒட்டி நடக்கும் பள்ளிகளில், இன்னும் கஷ்டம். எங்கள் பங்கு கட்டிய கட்டடத்தின் போட்டோ இன்றும் ஆலய முகப்பில் தொங்குகிறது. உள்ளே பாடம் எடுப்பவர்களுக்கு மாதக்கணக்கில் பாக்கி. அந்தப் போட்டோவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அப்புறம், ஒரு கணக்கு. வருடத்துக்குப் பத்துப் பேர் போய்வந்த டிக்கெட் காசு இப்போது மிச்சம்தானே? நாம் போய்ச் சுவருக்குப் பெயிண்ட் அடித்ததைவிட அந்தக் காசுக்கு ஆசிரியர் சம்பளத்தில் நல்ல வேலை இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் கண்டெய்னர் பேச்சு வருமுன், அங்குள்ள பங்குத்தந்தைக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: ஆசிரியர்களுக்கு எத்தனை மாதச் சம்பளம் பாக்கி, ஃபாதர்? பதில் வரும்வரை துணி மூட்டை கட்டாதீர்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்