டைமிங் செயினும் கையால் சுற்ற வேண்டிய இரண்டு சுற்றும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்ஜினை வீட்டிலேயே பிரித்து உள்பாகங்களை மாற்றலாமா, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைக்கும் டைமிங் செயினை நாமே பொருத்தலாமா என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வரும் கருத்துகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். முடியும் என்பவர்கள் கழற்றும் முறையை விரிவாக எழுதுகிறார்கள். கூடாது என்பவர்கள், அது பட்டறை வேலை என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு, சாவியைத் திருப்புவதற்கு முன், பூட்டியது சரிதானா என்று எப்படி அறிந்துகொள்வது என்பதை இரு தரப்பாரும் எழுதவில்லை. வீட்டில் செய்யும் இன்ஜின் வேலை பெரும்பாலும் தவறிப்போவது அந்த இடத்தில்தான் என்று நான் கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் மோட்டார் சைக்கிளில் பிஸ்டன் ரிங் மாற்றி, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை ஏற்றி, கேம் தண்டின் பற்சக்கரமான கேம் ஸ்பிராக்கெட்டில் உள்ள கோடு ஹெட்டின் விளிம்போடு நேராக நிற்பதைப் பார்த்துத் திருப்தியடைந்து மூடியைப் பூட்டினேன். வண்டி கிளம்பவும் செய்தது. ஆனால் ஐடிலிங்கில் நிற்கவில்லை, மேட்டில் இழுக்கவில்லை, வழக்கத்தைவிடச் சீக்கிரம் சூடேறியது. மூன்று நாள் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். கடைசியில் மூடியைத் திறந்து பார்த்தால், செயின் ஒரு பல் தள்ளி நின்றது. பொருத்தும்போது கோடு நேராகத்தான் இருந்தது, ஆனால் செயினின் தொய்வு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உள்ள பக்கத்தில் இல்லாமல் இழுவைப் பக்கத்தில் இருந்திருக்கிறது. கிராங்க் சுழலத் தொடங்கியதும் முதலில் அந்தத் தொய்வு இழுபட்டிருக்கிறது, பிறகுதான் கேம் நகர்ந்திருக்கிறது. பூட்டியவுடன் ஒரு நிமிடம் செலவிட்டுக் கையால் சுற்றிப் பார்த்திருந்தால் அந்த மூன்று நாள் மிஞ்சியிருக்கும்.

ஒரு பல்தானே என்று தோன்றலாம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேம் ஒரு முறை சுற்ற வேண்டும், அதற்காகவே கேம் ஸ்பிராக்கெட்டில் கிராங்க் ஸ்பிராக்கெட்டைப் போல இரு மடங்கு பற்கள் இருக்கின்றன. கேம் ஸ்பிராக்கெட்டில் 36 பற்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு பல் தவறுவது கேமில் 10 பாகை, கிராங்கில் 20 பாகை. வால்வு திறக்க வேண்டிய நேரமும் மூட வேண்டிய நேரமும் அந்த அளவுக்குப் பிசகிவிடுகின்றன. ஒரு பல் பிசகில் பல இன்ஜின்கள் முக்கி முனகியாவது ஓடும். இரண்டு மூன்று பல் பிசகினால், வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்தும்படி அமைந்த இன்ஜின்களில், பிஸ்டன் மேலேறி வந்து திறந்திருக்கும் வால்வை முட்டி வளைத்துவிடும். இன்றைய கார் இன்ஜின்களில் அத்தகையவை ஏராளம்.

ஆகவே செயினைப் பொருத்தி டென்ஷனரை விடுவித்த பிறகு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, இன்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். பிளக் இல்லாததால் கம்ப்ரஷனின் எதிர்ப்பு இருக்காது. கேமின் மேடு வால்வு ஸ்பிரிங்கை அழுத்தும் இடங்களில் கை சற்றுக் கனக்கும், அது இயல்பு. அப்படியல்லாமல் ஓரிடத்தில் இறுகி நின்றுவிட்டால், இரும்பு இரும்பை முட்டுகிறது என்று பொருள். அங்கே இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்போம் என்ற எண்ணமே கூடாது. செல்ஃப் மோட்டாரைக் கொண்டு இந்தச் சோதனையைச் செய்பவர்களையும் பார்த்திருக்கிறேன். முட்டுவதை உணர்வது கைதான், மோட்டாருக்கு அந்த உணர்ச்சி கிடையாது. இரண்டு சுற்று முடிந்ததும் கிராங்கின் குறியும் கேமின் குறிகளும் மீண்டும் தத்தம் இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் திரும்பவும் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த இடத்தில் புதியவர்கள் பலரும் பதறுவது செயினில் உள்ள வண்ணக் கண்ணிகளைப் பார்த்துத்தான். பொருத்தும்போது ஸ்பிராக்கெட்டின் குறிக்கு நேராக வைத்த அந்தக் கண்ணிகள், இரண்டு சுற்றுக்குப் பிறகு வேறெங்கோ போய்விடும். அது தவறு அன்று. கிராங்கில் 18 பல்லும் செயினில் 110 கண்ணிகளும் இருந்தால், இரண்டு சுற்றில் செயின் 36 கண்ணிதான் நகர்ந்திருக்கும். அந்தக் கண்ணிகள் எல்லாக் குறிகளோடும் மறுபடி ஒன்றுசேர கிராங்க் 110 முறை சுற்ற வேண்டும். வண்ணக் கண்ணி பொருத்துவதற்கான அடையாளம் மட்டுமே. சரிபார்க்க வேண்டியது ஸ்பிராக்கெட்டிலும் இன்ஜின் உடலிலும் உள்ள குறிகளை. இதை அறியாமல், சரியாகப் பொருத்திய செயினைக் கழற்றிப் பிசகாக மாட்டியவர்கள் உண்டு. அதேபோல, கிராங்கின் இரண்டு சுற்றில் பிஸ்டன் உச்சிக்கு வரும் இரண்டு தடவைகளில் இது எது என்ற குழப்பமும் அடிக்கடி எழுகிறது. செயினைக் கழற்றிய பின் கிராங்குக்கு ஸ்ட்ரோக் என்ற நினைவே கிடையாது, கேம் எப்படி நிற்கிறதோ அதுதான் அதைத் தீர்மானிக்கிறது. வால்வு இடைவெளியை அளக்கும்போதுதான் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியா என்று பார்க்க வேண்டும். அந்நிலையில் அந்தச் சிலிண்டரின் வால்வுகளை அழுத்தும் இரு ராக்கர்களும் விரலால் ஆட்டினால் லேசாக ஆடும்.

டென்ஷனரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆயில் அழுத்தத்தால் இயங்கும் டென்ஷனர்கள் பலவற்றில், ஒரு முறை வெளியே நீண்ட முனை தானாக உள்ளே திரும்பாதபடி ராட்செட் பற்கள் இருக்கும். அதை முறைப்படி உள்ளே தள்ளிப் பூட்டுப்பின் செருகாமல் மாட்டினால், செயின் அளவுக்கு மீறி இறுகித் தானும் தேய்ந்து, தன்னை வழிநடத்தும் கைடையும் அரைக்கும். மாட்டி முடித்ததும் அந்தப் பூட்டுப்பின்னை உருவ மறந்தால் செயின் தொளதொளவென்று கிடந்து, முதல் ஓட்டத்திலேயே பல் தாண்டும். புதுச் செயினைப் பழைய ஸ்பிராக்கெட்டிலும் தேய்ந்த கைடிலும் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. செயின் நீண்டுவிட்டது என்று நாம் சொல்வது பேச்சு வழக்கு. உண்மையில் தகடுகள் நீள்வதில்லை, ஒவ்வொரு கண்ணியையும் இணைக்கும் ஊசியும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் தேய்ந்து, அந்தச் சிறு சிறு தேய்மானங்கள் கூடியே நீளமாகத் தெரிகிறது. ஆயிலை உரிய காலத்தில் மாற்றாததே அதற்கு முக்கியக் காரணம். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது சில நொடி கடகடவென்று ஒலிப்பது அதன் முதல் அறிகுறி. காரின் பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0016 என்ற பிழைக் குறியீடு வந்தால், கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதே அதன் பொருள். சென்சாரை மட்டும் மாற்றிவிட்டுச் செயினைப் பார்க்காமல் விடுவது சரியல்ல.

பிஸ்டன், ரிங், பேரிங் போன்றவற்றுக்கும் இதே விதிதான், மாற்றுவதைவிட அளப்பதே பெரிது. புது ரிங்கைப் பிஸ்டனில் மாட்டும் முன் தனியாகச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளால் பார்க்க வேண்டும். 75 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) கொண்ட சாதாரண இன்ஜினுக்குச் சுமார் 0.3 மில்லிமீட்டர் என்பது பொதுக் கணக்கு என்றாலும், அந்த இன்ஜினுக்கான கையேடு சொல்லும் எண்ணே முடிவானது. இடைவெளி குறைந்தால், சூட்டில் ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொண்டு சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் மூடிகளை ஒன்றுக்கொன்று மாற்றக் கூடாது, கழற்றும்போதே எண் குறித்துவிட வேண்டும். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். குறித்த அளவுக்கு இறுக்கிய பின் இத்தனை பாகை திருப்பு என்று கையேடு சொல்லும் வகைப் போல்ட்டுகள் பெரும்பாலும் ஒரு முறைக்கு மட்டுமே ஆனவை. போல்ட் குழிக்குள் ஆயிலோ கூலண்டோ தேங்கியிருக்க இறுக்கினால், வெளியேற வழியில்லாத திரவம் சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கிலேயே விரிசலை உண்டாக்கும். கைக்கணக்கில் இறுக்குவதில் பழகியவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சிலிண்டரைக் கடையும் போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட்டைச் சமன்செய்தல் ஆகியவை லேத் பட்டறைக்கே உரியவை. மற்றவற்றை வீட்டில் செய்யலாம் என்பதே என் நிலை. ஆனால் அந்தக் குறிப்பிட்ட இன்ஜினுக்கான கையேடும் டார்க் ரெஞ்சும் கையில் இல்லாதவர், எவ்வளவு கைத்திறன் உடையவராயினும், தொடங்காமல் இருப்பது நல்லது. இன்ஜினைத் தாங்கும் முன்பக்க மவுண்ட்டைக் கழற்ற வேண்டிய கார்களில், இன்ஜினைக் கீழிருந்து தாங்கவும், வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டில் நிறுத்தவும், பேட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்றவும் வேண்டும் என்பதை எல்லோரும் அறிவார்கள், இருந்தும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, கழற்றும் படங்களுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையேனும் பூட்டிய பின் சரிபார்க்கும் முறைக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மேலும், இறுக்க அளவுகளும் இடைவெளி எண்களும் அடங்கிய பழுதுபார்ப்புக் கையேட்டை வண்டியின் உரிமையாளருக்கும் எளிதில் கிடைக்கச் செய்ய வேண்டுமென்று தயாரிப்பாளர்களைத் தங்கள் நாளிதழ் வலியுறுத்த வேண்டும். அந்த எண்கள் இல்லாதபோது, வீட்டில் வேலை செய்பவர் மட்டுமல்லாமல் பட்டறைக்காரரும் ஊகத்தில்தான் இறுக்குகிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்