நிழல் அளக்க இரண்டு ஊர்

அன்புள்ள தேன்மொழி,

பூமியின் சுற்றளவு எவ்வளவு என்று கவின் கேட்டுக்கொண்டே இருக்கிறானாமே. கைப்பேசியில் தேடிக் காட்டிவிடாதே மா. மார்ச் 23 வரை பொறு. நீங்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில், நாங்கள் சிங்கப்பூரில். இந்தக் கணக்குக்கு அதுவே வசதி.

மார்ச் 23, 24 வாக்கில் இங்கே சூரியன் நேர் உச்சிக்கு வரும். கம்பை நட்டால் நிழலே இராது. அன்று உங்கள் ஊரில் ஒரு மீட்டர் கம்புக்கு 65 செ.மீ. போல நிழல் தெற்கே விழும். அவனிடம் இதைச் சொல்லிவிடாதே, அவனே அளக்கட்டும்.

கம்பின் உச்சியில் ஓர் அட்டையைப் படுக்கையாக ஒட்டி, அதில் 5 மி.மீ. துளை போடுங்கள். சூரியன் புள்ளியல்ல, வட்டு. அதனால் வெறும் கம்பின் நுனி நிழல் ஒரு சென்டிமீட்டருக்கு மங்கித் தெரியும், எங்கே முடிகிறது என்று சண்டைதான் வரும். துளை வழியே விழும் ஒளிவட்டத்தின் நடுவைக் குறிப்பது எளிது. துளையிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தையும் குறியுங்கள். உயரத்தையும் நிழலையும் அங்கிருந்துதான் அளக்க வேண்டும். கம்பின் அடியிலிருந்து அளந்தால் கம்பின் சாய்வும் கணக்கில் ஏறிவிடும். ஒரு டிகிரி பிசகினால் விடையில் 1,200 கி.மீ. தவறும். மழைநீர் ஓடச் சரித்துப் போட்ட தரையும் வேண்டாம். சூரியனை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவை.

இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான், உச்சிவேளை வேறு. உங்களுக்கு 12.22, எங்களுக்கு 1.11. (1982இல் இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டார்கள்.) ஆனாலும் கடிகாரத்தை நம்ப வேண்டாம். 12 மணி முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கொரு புள்ளி வையுங்கள். மிகக் குட்டையான நிழல்தான் நமக்கு வேண்டியது.

கவினுக்கு டான்ஜென்ட் தெரியாது, தேவையும் இல்லை. வரைபடத்தாளில் உயரத்தையும் நிழலையும் பத்தில் ஒன்றாகச் சுருக்கிச் செங்கோண முக்கோணமாக வரைந்து, உச்சிக் கோணத்தைப் பாகைமானியால் அளக்கட்டும். இங்கே நிழல் இல்லாததால், அந்தக் கோணம்தான் நம் இரண்டு ஊருக்கும் இடையே பூமி வளைந்திருக்கும் அளவு.

தூரத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். விமான வழி 3,900 கி.மீ. என்று போட்டால் விடை 42,000ஐத் தாண்டிவிடும். வடக்கு தெற்கு தூரம் மட்டுமே வேண்டும். பெர்த்துக்கு நேர் வடக்கே, சிங்கப்பூருக்கு நேர் கிழக்கே ஒரு புள்ளி, போர்னியோ காட்டுக்குள் விழும். அதுவரை வரைபடச் செயலியில் அளந்தால் சுமார் 3,700 கி.மீ. வரும். அட்சரேகை டிகிரியைப் பெருக்கித் தூரம் கண்டுபிடிக்காதீர்கள். அதற்குள் விடை ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது, அது கள்ளக்கணக்கு.

பிறகு, 360ஐக் கோணத்தால் வகுத்துத் தூரத்தால் பெருக்க வேண்டியதுதான். எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் 2,200 ஆண்டுகளுக்கு முன் இதைத்தான் செய்தார்.

எங்கள் புளோக் பக்கத்துக் கூடைப்பந்துத் திடலில் நான் அளந்து அனுப்புகிறேன். மேகம் மூடினால் முன்பின் இரண்டு மூன்று நாள் தள்ளியும் செய்யலாம், ஆனால் இரு ஊரிலும் ஒரே நாளில் செய்ய வேண்டும். அப்போது இங்கேயும் சிறு நிழல் இருக்கும். அது வடக்கே விழுந்தால் என் கோணத்தை உங்களுடையதோடு கூட்டுங்கள், தெற்கே விழுந்தால் கழியுங்கள்.

அன்புடன்,
அப்பா